அக்கி ஆறிய பின்னும் ஆறாத முகவலி: மருத்துவமும் மார்க்கமும் சொல்வது என்ன?

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

நம் குடும்பங்களில் வயதானவர் யாருக்காவது அக்கி வந்திருக்கும். உடம்பின் ஒரு பக்கத்தில் சிவந்து, நீர்க்கொப்புளங்கள் கிளம்பி, கடுமையாக எரியும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது காய்ந்து உதிர்ந்துவிடும். சிலருக்கோ கொப்புளம் போன பின்னும் வலி போவதில்லை. மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கூடத் தொடர்கிறது.

அந்த அக்கி முகத்தில் வந்திருந்தால் வேதனை இரட்டிப்பாகும். உளூவுக்குத் தண்ணீர் பட்டால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் சுரீர் என்கும். துப்பட்டாவின் ஓரமோ தொப்பியின் விளிம்போ நெற்றியில் உரசினாலும் தீப்பட்டது போலிருக்கும். பேரப்பிள்ளை ஆசையாய்க் கன்னத்தில் முத்தமிட வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய நிலை.

பார்ப்பவர் கண்ணுக்கு முகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் 'நார்மல்' என்று வருகிறது. அப்போதுதான் வீட்டில் பேச்சு மாறுகிறது. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே, பிறகு என்ன வலி?" என்பார் ஒருவர். "கண்ணேறா இருக்கும்" என்பார் இன்னொருவர். "அல்லாஹ் மேல நம்பிக்கை வெச்சா இப்படிப் புலம்ப மாட்டாங்க" என்று சொல்பவர்களும் உண்டு. நோயாளிக்கு இந்தப் பேச்சு நோயை விடக் கடினமானது.

இந்த வலி உண்மையானது. இதற்குப் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது. இப்படி அவதிப்படுபவர்களுக்கு மார்க்கத்தில் தெளிவான சலுகைகளும் இருக்கின்றன. இவற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இந்த வலி எங்கிருந்து வருகிறது?

சிவந்து தடிக்கும் பலவற்றையும் 'அக்கி' என்று சொல்வது நம் வழக்கம். இங்கே நாம் பேசுவது மருத்துவர்கள் 'ஹெர்பிஸ் ஸோஸ்டர்' என்று சொல்லும் அக்கியைப் பற்றி. சின்னம்மையை (இலங்கையில் கொப்புளிப்பான்) உண்டாக்கும் அதே வைரஸ்தான் இதற்கும் காரணம். அதன் பெயர் 'வேரிசெல்லா ஸோஸ்டர்'.

சிறு வயதில் வந்த சின்னம்மை குணமானாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டு முழுதாக வெளியேறுவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியும் மூளைக்கு அருகிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் அது பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. வயது கூடும்போதும், உடம்பின் எதிர்ப்பு சக்தி குறையும்போதும் விழித்துக்கொள்கிறது. ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி, அந்த நரம்பு செல்லும் பாதையில் மட்டும் கொப்புளங்களை எழுப்புகிறது. அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவதற்கு இதுதான் காரணம்.

முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது 'ட்ரைஜெமினல்' எனப்படும் ஐந்தாவது மூளை நரம்பு. முகத்தின் இரு பக்கத்துக்கும் தனித்தனியே ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும். முகத்தில் வரும் அக்கி பெரும்பாலும் முதல் கிளையைத்தான் தாக்குகிறது.

வைரஸ் இறங்கி வரும்போது நரம்பில் வீக்கமும் சேதமும் உண்டாகின்றன. தோல் ஆறிவிடும். நரம்பு அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. சேதமடைந்த நரம்பு, எந்தக் காரணமும் இல்லாமல் தானாகவே வலிச் செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் தண்டுவடமும் மூளையும் கூட அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. சாதாரணத் தொடுதலைக் கூட வலியாகவே அவை உணர்த்துகின்றன. காற்றும் துணியும் பட்டால் எரிவது இதனால்தான்.

அக்கி வந்து 90 நாட்கள் கடந்தும் அதே இடத்தில் வலி தொடர்ந்தால் அதை 'போஸ்ட் ஹெர்பெட்டிக் நியூரால்ஜியா' என்கிறார்கள். தமிழில் 'அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி' எனலாம். இது மூன்று விதமாக வரும். ஓயாத எரிச்சல் ஒன்று. திடீரென்று மின்சாரம் பாய்ந்தது போன்ற குத்தல் இன்னொன்று. தொட்டாலே வரும் வலி மூன்றாவது. சிலருக்கு மூன்றும் சேர்ந்து வரும். தாங்க முடியாத அரிப்பு, மரத்துப்போன உணர்வு ஆகியவையும் இருக்கலாம். வயது கூடக்கூட இந்த வலி வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இந்த நீடித்த வலி தொற்றாது. கொப்புளத்தில் நீர் இருக்கும் நாட்களில் மட்டும், சின்னம்மை வராதவர்களுக்கு அந்த நீர் பட்டால் சின்னம்மை வரலாம். அப்போது கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆகியோரிடமிருந்து விலகி இருக்க வேண்டும். கொப்புளம் காய்ந்து பொருக்கு கட்டிய பிறகு அந்த அச்சம் தேவையில்லை.

முதல் 72 மணி நேரம்

நம் ஊர்களில் அக்கி வந்தால் முதலில் தேடுவது அக்கி எழுதுபவரை. காவிக் குழம்பால் உடம்பில் எழுதுவதும் உருவம் வரைவதும் பழைய வழக்கம். முஸ்லிம்களிலும் சிலர் இதற்காகப் போகிறார்கள். எழுதிய சில நாட்களில் கொப்புளம் காய்ந்துவிட்டால் எழுதியதால் குணமானது என்று நம்புகிறார்கள். எழுதாமல் விட்டாலும் அது சில வாரங்களில் காய்ந்துதான் இருக்கும். குழம்பு தோலுக்குக் குளிர்ச்சி தரலாம். நரம்புக்குள் இருக்கும் வைரஸை அது தொடுவதே இல்லை. அல்லாஹ் அல்லாத எதனிடமாவது அந்த உருவத்தாலோ சடங்காலோ ஷிஃபாவை எதிர்பார்ப்பது ஈமானுக்கே ஆபத்தானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம்மிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீர் ஓதிக் கொடுப்பதும், தாயத்துக்கு ஓடுவதும். குர்ஆனை ஓதிப் பார்ப்பது மார்க்கத்தில் உள்ளதுதான். ஆனால் அதைக் காரணம் காட்டி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடச் சொல்லி மார்க்கம் எங்கும் கற்றுத் தரவில்லை. அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரீயில் வருகிறது. நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்று நபியவர்கள் பதில் சொன்னதும் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது.

கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரையைத் தொடங்குவது மிக நல்லது. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்றவை இதற்குத் தரப்படுகின்றன. இவற்றால் கொப்புளம் விரைவில் ஆறும், ஆரம்ப கால வலி குறையும், கண்ணுக்கு வரும் ஆபத்தும் குறையும். பின்னால் வரும் நரம்பு வலியை இவை முழுதாகத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மூன்று நாட்களை வீணாக்கினால் கையில் இருக்கும் வாய்ப்பையும் இழக்கிறோம். மூன்று நாள் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. புதிய கொப்புளம் வந்துகொண்டிருந்தாலும், கண் பாதிக்கப்பட்டிருந்தாலும் அப்போதும் மருந்து தருவார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

• மூக்கின் நுனியிலோ பக்கத்திலோ கொப்புளம். கண்ணுக்கும் அதே நரம்புக் கிளைதான் போகிறது என்பதால் கண் பாதிக்கப்படலாம் என்பதற்கு இது எச்சரிக்கை.
• கண் சிவத்தல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல்.
• காதில் கொப்புளத்தோடு வாய் ஒரு பக்கம் கோணுதல், கண் மூட முடியாமை, காது கேளாமை, தலைசுற்றல். இதற்கு 'ராம்சே ஹண்ட்' நோய் என்று பெயர். ஏழாவது மூளை நரம்பை அதே வைரஸ் தாக்குவதால் வருவது.

கொப்புளம் இல்லாமலேயே வாய் ஒரு பக்கம் கோணினாலும் தாமதம் கூடாது. 'பெல்ஸ் பால்ஸி' எனப்படும் முகவாதமாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து நல்ல பலன் தரும். அது பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவர் பார்த்துத் தெளிவாக்க வேண்டும். 'காத்து அடிச்சுருச்சு' என்று எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருப்பது ஆபத்து.

ஸ்கேனில் தெரியவில்லை என்றால் வலி பொய்யா?

இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வலியைப் படம் பிடிப்பதில்லை. கட்டி இருக்கிறதா, இரத்தக் குழாய் நரம்பை அழுத்துகிறதா, வேறு நரம்பு நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறார்கள். 'நார்மல்' என்றால் அந்த ஆபத்துகள் தென்படவில்லை என்று பொருள். நரம்பின் நுண்ணிய இழைகளில் ஏற்படும் சேதம் அதில் தெரிவதில்லை.

வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு 2020-இல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தி வெளியிட்டது. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று அதன் குறிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. வேறு நோயின் அடையாளமாக இல்லாமல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும் அது ஒரு நோய் வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முகத்தில் நீடிக்கும் வலி எல்லாமே அக்கியால் வருவதில்லை. 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா' என்றொரு வலி உண்டு. சாப்பிடும்போதும், பேசும்போதும், பல் துலக்கும்போதும் திடீரென மின்னல் வெட்டியது போல வந்து சில விநாடிகளில், அல்லது இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மீண்டும் மீண்டும் வரும். 12ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் மருத்துவப் பெருநூல் எழுதிய இஸ்மாயீல் ஜுர்ஜானி, முகத்தின் ஒரு பக்கத்தில் பல்லிலும் தாடையிலும் வரும் இத்தகைய வலியை விவரித்து, நரம்பை ஒட்டிச் செல்லும் இரத்தக் குழாயை அதற்குக் காரணமாகக் குறிப்பிட்டார். இன்றைய மருத்துவம் இந்த நோய்க்குச் சொல்லும் முக்கியக் காரணமும் அதுவே. ஓர் ஆலோசனைக்குப் போகும்போதே நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில், நோயாளி சொன்னதைக் கொண்டுதான் இந்த வலியை அறிய முடிந்தது.

காரணம் எதுவும் பிடிபடாத முகவலியும் உண்டு. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், மற்றக் காரணங்களை எல்லாம் சோதித்து விலக்கிய பிறகு அதற்கென ஒரு தனிப் பெயரே மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். காரணம் தெரியாததால் அதற்குச் சிகிச்சை இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முக நரம்பு வலி பல் வலி போலவே இருக்கும். நல்ல பற்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பிடுங்கிய பின்னும் வலி அப்படியே இருக்கிறது என்று வருந்துபவர்கள் உண்டு. பல் மருத்துவர் பல்லில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டால், பிடுங்கியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவம் எப்படி இருக்கும்?

பாரசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. டைக்ளோஃபினாக் வகையை மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரலாம்.

நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உள்ளன. கபாபென்டின், பிரீகாபலின் ஆகியவை வலிப்பு நோய்க்கும் தரப்படுபவை. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் ஆகியவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டாரு டாக்டர்" என்று மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் குறைந்த அளவில்தான் தரப்படுகிறது. நரம்பின் வழியே போகும் வலிச் செய்தியை அது மட்டுப்படுத்துகிறது. மின்னல் போல் வரும் ட்ரைஜெமினல் வலிக்கு கார்பமாஸெபின் முதல் மருந்து. அதைத் தொடங்கிய பின் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த மருந்துகளைப் பற்றி நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று: இவை ஒரே நாளில் வேலை செய்யாது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடக் கூடாது.

இரண்டு: தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல், மலச்சிக்கல் வரலாம். முதியவர்கள் தஹஜ்ஜுதுக்கோ ஃபஜ்ருக்கோ எழும்போது தடுமாறி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்று: திடீரென்று நிறுத்தக் கூடாது. குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான்.

நான்கு: வலி முழுதாகப் போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் வரும். பாதியாகக் குறைந்து, இரவில் தூங்கவும் நிம்மதியாகத் தொழவும் முடிந்தால் அதுவே பெரிய முன்னேற்றம். பலருக்குக் காலப்போக்கில் வலி குறைந்தும் போகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மாத்திரையோடு லிடோகெயின் ஒட்டுப்பட்டை, கேப்சைசின் களிம்பு போன்ற வெளிப்பூச்சு மருந்துகளும் உள்ளன. இவற்றைக் கண்ணருகே தாமாகப் பூசிவிடக் கூடாது. கேட்காதவர்களுக்கு நரம்பைச் சுற்றி ஊசி போடும் சிகிச்சையும் உண்டு. கேப்சூல் உறையின் ஜெலட்டின் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். சந்தேகத்தைக் காரணம் காட்டி மருந்தையே விட்டுவிடாமல் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

உளூ, தொழுகை, நோன்பு

நபித்தோழர்கள் ஒரு பயணத்தில் இருந்தபோது நடந்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத் பதிவு செய்கிறார். ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் அப்படிச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் சொன்னார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைத் தெரியாமல் மறுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

உளூ: குளிர்ந்த நீர் வலியைக் கிளப்பினால் வெதுவெதுப்பான நீரை முதலில் முயன்று பாருங்கள். முகத்தை ஒரு முறை கழுவுவதுதான் ஃபர்ளு, மூன்று முறை ஸுன்னத். தேய்த்துக் கழுவுவது ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் ஃபர்ளு அல்ல, நீர் ஓடினால் போதும். அதுவும் தாங்க முடியவில்லை, அல்லது தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றால், ஹனஃபீ மத்ஹபில் அந்த இடத்தை மட்டும் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். தடவுவதும் தீங்கு தரும் என்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். ஷாஃபிஈ மத்ஹபில் கழுவ முடிந்த பகுதிகளைக் கழுவிவிட்டு, கழுவ முடியாத பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். அதன் முறையை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் ஒரு முறை நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

தொழுகை: அக்கி வலி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நெற்றியின் வலியில்லாத பகுதி தரையில் பட்டாலும் ஸஜ்தா நிறைவேறும். சொரசொரப்பான பாயின் மேல் மெல்லிய துணி ஒன்றை விரித்துக்கொள்ளலாம். நெற்றியை வைக்கவே முடியவில்லை என்றால் இயன்ற அளவு குனிந்து சைகையால் ஸஜ்தா செய்யலாம். மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னது புகாரீயில் உள்ளது. தொப்பி உறுத்தினால் தொப்பி இல்லாமல் தொழலாம், தொழுகை கூடும். பள்ளிக்குப் போகும் வழியில் குளிர் காற்றில் வலி தாங்க முடியாத அளவுக்குக் கூடுகிறது என்றால் ஜமாஅத்தை விடுவதற்கு அது தக்க காரணமே.

பள்ளியில் ஒருவர் மின்விசிறிக்குக் கீழே நிற்காமல் விலகி நின்றாலோ, விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டாலோ முகம் சுளிக்காதீர்கள். முகத்திரை அணியும் சகோதரிக்கு அந்தத் துணி படுவதே வேதனை என்றால் அதை விலக்கிக்கொள்ள அவருக்குச் சலுகை உண்டு. மருத்துவரிடம் முகம் காட்டுவதிலும் தடையில்லை.

நோன்பு: நோயாளி வேறு நாளில் நோற்கலாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரவில் ஒரு வேளை மருந்து எடுப்பவருக்குச் சிரமம் இராது. நாளுக்கு மூன்று வேளை எடுப்பவர் தாமாகவே அளவை மாற்றக் கூடாது. மாற்ற முடியாது என்றால் நோன்பை விட்டு, குணமான பின் களா செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லை என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் ஃபித்யா கொடுக்கலாம். தோலில் ஒட்டும் பட்டையாலும் கண்ணில் விடும் சொட்டு மருந்தாலும் நம் இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது.

ஸப்ர் என்பது வாய் மூடி இருப்பதல்ல

நம் மக்களிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வலிக்கிறது என்று சொன்னாலே ஸப்ர் போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்லும் அய்யூப் (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? தம்மைத் துன்பம் தொட்டுவிட்டது என்று தம் இறைவனிடம் முறையிட்டார்கள். இது அல்அன்பியா அத்தியாயத்தின் 83ஆம் வசனம். அப்படி முறையிட்ட அவர்களைத்தான் ஸாத் அத்தியாயத்தின் 44ஆம் வசனத்தில் பொறுமையாளர் என்று அல்லாஹ் புகழ்கிறான். முறையிட்டதால் அவர்களின் பொறுமை குறைந்துவிடவில்லை.

நபி (ஸல்) அவர்களும் தமக்குத் தலைவலி வந்தபோது அதைச் சொன்னார்கள். அவர்களை விடக் கடுமையான வலியை அனுபவித்த எவரையும் தாம் பார்த்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதும் புகாரீயில் வருகிறது. நோயாளி தமக்கு வலிக்கிறது, என் தலை வலிக்கிறதே என்றெல்லாம் சொல்லிக்கொள்ள அனுமதி உண்டு என்பதற்கென்றே இமாம் புகாரீ தம் நூலில் ஒரு பாடத் தலைப்பை வைத்திருக்கிறார்கள்.

எனவே மருத்துவரிடமும் குடும்பத்தாரிடமும் வலியைச் சொல்வது குறையல்ல. அல்லாஹ்வின் மீது கோபப்படுவதும் அவன் அருளில் நம்பிக்கை இழப்பதும்தான் தவிர்க்க வேண்டியவை.

நீண்ட நாள் வலியில் இருப்பவர்களுக்கு உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களின் செய்தி ஆறுதல் தரும். இஸ்லாத்தை ஏற்றதிலிருந்து உடம்பில் ஒரு வலி இருக்கிறது என்று அவர்கள் நபியவர்களிடம் முறையிட்டார்கள். வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, பின்பு ஏழு முறை அல்லாஹ்விடமும் அவன் ஆற்றலிடமும் அந்த வலியின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். முஸ்லிம் நூலில் இந்த துஆ உள்ளது. மனனம் செய்துகொள்ளுங்கள். தொட்டாலே வலிக்கும் முகம் என்றால் வலியில்லாத பக்கத்திலிருந்து மெல்ல அருகில் கையை வைத்து ஓதுங்கள். அல்லாஹ் நம் நிலையை அறிந்தவன்.

வலி மிகும்போது மரணமே வந்தால் நல்லது என்ற எண்ணம் சிலருக்கு எழலாம். துன்பத்தின் காரணமாக மரணத்தை விரும்ப வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் வருவதாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார். அது வலி எல்லை மீறிவிட்டது என்பதன் அடையாளம். அவரைத் தனியே விடாதீர்கள், திட்டாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

குடும்பத்தார் என்ன செய்யலாம்?

முதலில் நம்புங்கள். 'உங்களுக்கு வலிக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது' என்ற ஒரு வார்த்தை பல மாத்திரைகளின் வேலையைச் செய்யும்.

வலி எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, தூக்கம் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அந்த நோட்டு உதவும்.

மெல்லச் சிரமப்பட்டால் கஞ்சி, மசித்த சோறு, வெதுவெதுப்பான கறிச்சாறு செய்து கொடுங்கள். வலியால் சாப்பாடு குறைந்தால் உடம்பு இன்னும் தளரும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்காஹ், வலீமா போன்ற கூட்டங்களில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவர்களைக் குறை சொல்லாதீர்கள். பேசுவதே வலியாக இருக்கலாம்.

ஸ்கேன் நார்மல் என்றவுடன் ஜின், ஸிஹ்ர் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் அவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரையோ வலி நிவாரணச் சிகிச்சை மருத்துவரையோ பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரியுங்கள்.

வருமுன் காப்பது

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய வகைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் போட வேண்டும். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அக்கியைத் தடுத்தது. விலை அதிகம்தான். ஆனாலும் பெற்றோருக்குச் செய்யக்கூடிய உபகாரங்களில் இதையும் ஒன்றாகப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். ஏற்கனவே வந்துவிட்ட நரம்பு வலியை இந்த ஊசி குணப்படுத்தாது. யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஒரு முஃமினின் காலில் குத்தும் முள்ளுக்குக் கூட அல்லாஹ் அவருடைய பாவத்தை அழிக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. அப்படியானால் இரவு பகலாக முகத்தில் எரியும் வலிக்கு அவனிடம் எவ்வளவு கூலி இருக்கும்! நோயாளி அந்தக் கூலியை எண்ணி ஆறுதல் அடையட்டும். அருகில் இருப்பவர்கள் அவருக்கு மருந்தும் ஓய்வும் நம்பிக்கையும் கொடுத்து அந்தக் கூலியில் பங்கு பெறட்டும்.

அல்லாஹ் வலியால் வாடும் நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.